கோடு கிழிப்பவர் யார்?

கல்முனையில் நெடுஞ்சாலையில் நின்று பார்ப்போருக்கு இப்பகுதியின் நிலை விளங்கும். கிழக்கே கடல், மேற்கே நெல் விளையும் வட்டை. இடையே ஒடுங்கிய மணல் நிலத்தில், மருதமுனை முதல் நிந்தவூர் வரை, சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. புவி சூடேறிக் கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், இக்கரையை எவ்வாறு அமைப்பது என்பது பொறியியற் கேள்வி மட்டுமன்று, அறத்தின் கேள்வியுமாகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அதன்பின், கரையோரத்தில் வீடு கட்டலாகாதென அரசு எல்லை வகுத்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அலை கிழக்கிலே கொடிதாயிருந்தது உண்மை. கரையைத் தாழைக்கும் அடம்பன் கொடிக்கும் விடுவதும் நன்றே. அவை மணலைப் பிடித்து நிறுத்துவன. எனினும் ஒடுங்கிய ஊரில் 200 மீற்றர் என்பது எத்தனை குடும்பங்களின் அடுப்படி! அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அது எழுப்பிய கேள்வியோ தீரவில்லை.

கரையை விட்டவர் எங்கே போவர்? வட்டையை மண்ணிட்டு நிரப்பலாம் என்பர் சிலர். மாரி வெள்ளம் தங்கி வடிவது அங்கேயன்றோ? அதனை நிரப்பினால், கடலுக்குத் தப்பியவர் வெள்ளத்தில் நிற்பர். உழவர் வயலை இழப்பர்.

ஒலுவிலைப் பாருங்கள். அங்கே 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயில் தூர்ந்தது. வடக்கே தென்னைகளும் காணிகளும் கடலுள் சரிந்தன. கடலைக் கொடியதென்று பழித்தோம். ஓரிடத்தில் மறிக்கப்பட்ட மணலைக் கடல் மற்றோரிடத்தில் எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

இயற்கைக்கு இடம் விடவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. உழைப்பவர் என்பதற்காகக் கடல் எவருக்கும் விலக்களிப்பதில்லை. மீனவரும் ஒருநாள் பின்வாங்க நேரலாம். ஆனால் எவருடைய இடம், எவருடைய சம்மதத்தோடு, எந்த ஈட்டுக்கு? முடிவெடுப்போர் ஒருபுறமும் இழப்பைச் சுமப்போர் மறுபுறமும் இருக்கும்வரை, பசுமையான மரவேலியும் அநீதியின் வேலியே. தோணிக்கு வழியோடு மாற்று மனை முதலில் அமையட்டும். பொதுக்காணி முதலில் விடப்படட்டும். வரைபடத்தில் கோடு கிழிக்கப்படும் மேசையில் கரையில் வாழ்வோரும் அமரட்டும். மரம் நடுதல் அதன் பின்னரே அறமாகும்.