பழகிய கல்

தமிழில் 'பழக்குதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. கன்றை ஏருக்குப் பழக்குகிறோம். கையை எழுத்துக்குப் பழக்குகிறோம். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குகிறோம். உயிருள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்று தோன்றுகிற இந்தச் சொல்லை நம் வீட்டுப் பெண்கள் உயிரற்ற ஒரு பொருளுக்கும் உபயோகிக்கிறார்கள். தோசைக்கல்லையும் அவர்கள் பழக்குகிறார்கள். 'இது இன்னும் பழகாத கல்' என்று சொல்லும்போது, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணைப் பற்றிப் பேசுகிற தொனி அவர்கள் குரலில் இருக்கும்.

மனிதனுடைய நற்குணம் பிறவியிலே வருவதா, பழக்கத்திலே வருவதா என்ற கேள்வி மிகப் பழையது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் பழக்கத்தின் கட்சி. யாழ் வாசித்து வாசித்தே ஒருவன் யாழ்க்காரன் ஆவதுபோல, நல்லதைச் செய்து செய்தே ஒருவன் நல்லவன் ஆகிறான் என்பது அவர் வாதம். இந்த விவகாரத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டது நூலகத்தில் அல்ல, சமையலறையில். அதுவும் நான் செய்த ஒரு பிழையினால்.

அம்மா 1976-ல் கல்யாணமாகி வந்த புதிதில் சந்தையில் வாங்கிய கல் அது. வார்ப்பிரும்பு அல்ல, தகட்டை வெட்டித் தட்டியது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருக்கும். தகட்டு இரும்பில் பெரும்பாலும் ஒரு பங்குகூட இராது. சீனர்களின் குழிந்த வாணலியும், பிரெஞ்சு ஓட்டல் சமையல்காரர்கள் உபயோகிக்கும் கறுத்த வறுவல் சட்டியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

என் மனைவி 2007-ல் மருமகளாக வந்தாள். பீரோச் சாவியை முதல் மாதமே கொடுத்துவிட்ட அம்மா, கல்லை மட்டும் இரண்டு வருஷம் கொடுக்கவில்லை. சப்பாத்திக்கு வேறு கல். அதை மருமகள் தொடலாம். தோசைக்கல்லை அம்மாதான் அடுப்பில் ஏற்றுவாள், அம்மாதான் இறக்குவாள். இருவருக்கும் பேச்சு நின்றுபோன நாள்களும் உண்டு. ஒரு நாள் அம்மாவுக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இனிமேல் நீயே ஊத்தும்மா" என்றாள். எங்கள் வீட்டில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை அந்த மூன்று சொற்கள்தாம்.

அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. சென்ற வருஷம், தகப்பனாரின் உடல்நிலைக்காக மனைவி பத்து நாள் பிறந்தகம் போயிருந்தாள். அவள் திரும்புகிற தினத்துக்கு முந்தின இரவு எனக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. சமையலறையைப் பளிச்சென்று வைத்து அவளை வரவேற்க வேண்டும்! கறுப்பாக இருந்த கல்தான் முதலில் என் கண்ணில் பட்டது. புளியும் சோப்பும் கரைத்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப் போட்டேன். காலையில் கம்பி நார் கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். கறுப்பெல்லாம் உரிந்து, கல் வெள்ளி மாதிரி மின்னியது. என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் எதையும் எழுதி முடித்ததில்லை.

மனைவி சாயந்திரம் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். கல்லைக் கையில் எடுத்தாள். அதற்குள் அதன் ஓரத்தில் காவி நிறத்தில் துரு ஏறியிருந்தது.

"அத்தை போனப்போகூட எனக்கு இப்படி இல்லீங்க" என்றாள். அன்று இரவு அதற்குமேல் பேசவில்லை.

நல்லெண்ணத்தோடுதானே செய்தேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் வக்கீலுக்கே வழக்கில் நம்பிக்கை இல்லை. பிறந்தது முதல் அந்தக் கல்லில் வார்த்த தோசையைத் தின்றவன் நான். ஒரு நாளாவது அது ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டதுண்டா? ஒன்றை அறிந்துகொள்ளச் சிரமப்படாமலே அதற்கு நல்லது செய்யப் புறப்படுகிறவனுடைய எண்ணத்தை நல்லெண்ணம் என்று சொல்லலாமா? உலகத்தில் பாதிக் கெடுதலைச் செய்தவர்கள் என்னைப் போல நார் எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பியவர்கள்தாம் என்று தோன்றுகிறது.

மறுநாள் அவள் வேலையைத் தொடங்கினாள். துருவைத் தேய்த்து எடுத்துக் கல்லை அடுப்பில் காயவைத்தாள். நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு, பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்தாள். புகை எழும்வரை சூடேற்றினாள். ஆறவிட்டாள். மறுபடியும் பூசினாள். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தாள். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. பிய்ந்ததையெல்லாம் நானே தின்றேன். கல் முதலில் பழுப்பாயிற்று. பிறகு தேன் நிறம். கறுப்பதற்கு ஏறக்குறைய ஒரு மண்டலம் பிடித்தது.

அந்த நாள்களில் நான் இதைப் பற்றிப் படித்தேன். எண்ணெயை மெல்லிதாகப் பூசிச் சூடேற்றும்போது, அதன் மூலக்கூறுகள் பிராணவாயுவின் துணையோடு ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியான படலமாக இறுகிவிடுகின்றன. ஆசைப்பட்டு நிறையப் பூசினால் இறுகாது; பிசுக்காக நிற்கும். புளிப்பு அந்தப் படலத்தைக் கரைக்கும். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்சாதன வாயுக்களை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்ட ஒரு வழவழப்புப் பொருளை, 1950-களில் மார்க் கிரேகுவார் என்ற பிரெஞ்சுக்காரர் சட்டியில் பூசினார். பழக்கவே வேண்டாத பாத்திரம் அப்படிப் பிறந்தது. அது வாங்கிய அன்று உத்தமமாக இருக்கும். நாளுக்கு நாள் குறையும். இரும்போ வாங்கிய அன்று முரடு. நாளுக்கு நாள் தேறும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்தப் படலம் ஒரே தடவை பூசி நிரந்தரமாக நிற்பதல்ல. தோசைத் திருப்பி படப் படத் தேயும். எண்ணெய் படப் பட வளரும். ஆக, அம்மா 1976-ல் ஏற்றிய கறுப்பில் பெரும்பகுதி எப்போதோ கரைந்து போயிருக்க வேண்டும். நான் சுரண்டியது அநேகமாக மனைவியினுடைய உழைப்பைத்தான். இதை ஓர் ஆறுதல்போல அவளிடம் சொன்னேன்.

துணியை முடிச்சுப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நான் துடைக்கிறது யாரு துடைக்கிற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

அம்மா துடைக்கிற மாதிரிதான் இருந்தது. அம்மா குடியிருந்தது இரும்பில் அல்ல, அந்தக் கையில்.

அப்படியானால் பழக்கம் எல்லாமே பாதுகாக்க வேண்டியதுதானா? இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளுக்குத் தனி டம்ளரில்தான் காப்பி. அந்த டம்ளர் பின்கட்டு மாடத்தில் தனியே இருக்கும். அதுவும் பல வருஷப் படலம். கல் கைமாறிய அதே வாரம், என் மனைவி அந்த டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அம்மா பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. நான் இருபது வருஷமாகப் பார்த்தும் ஒன்றும் செய்யாதவன்.

ஒரு பழக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டவள் இன்னொன்றை எப்படித் தேய்த்து எறிந்தாள்? துருவும் படலம், கறுப்பும் படலம். ஆனால் கறுப்பு இரும்பைக் கவ்விப் பிடித்துக் காக்கிறது. துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே தின்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரிய ஒரே சோதனைதான்: மேலே விழுந்ததை அது முழுசாக விடுகிறதா, பிய்க்கிறதா? நம்மைத் தொட்டுப் போகிறவர்கள் பிய்ந்து போனால், அந்தப் பழக்கம் எத்தனை தலைமுறை பழையதாயிருந்தால் என்ன? அதற்குத்தான் கம்பி நார்.

இப்போது இரவில் கல்லைக் கழுவிக் காயவைத்துத் துடைப்பது என் வேலை. துணி முடிச்சு இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. நான் அழுத்தித் தேய்த்த ஓர் இடத்தில் மட்டும் தோசை இன்றும் சில நாள் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிய்ந்த தோசை என் தட்டில்தான் விழுகிறது. அது நியாயம்தான்.