வழி யாருக்கு?

மகாபாரதத்தின் வன பருவத்தில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. சமய வகுப்பில் இதை அதிகம் சொல்வதில்லை. உடம்பில் எட்டுக் கோணலோடு பிறந்த அட்டவக்கிரர், பன்னிரண்டு வயசுப் பையனாக, தன் மாமா சுவேதகேதுவோடு ஜனக மகாராஜாவின் வேள்விக்குப் போகிறார். பாதையில் ராஜாவே எதிரில் வருகிறார். யார் ஒதுங்குவது? பையன் அசையவில்லை. பார்வை இல்லாதவருக்கு வழி, காது கேளாதவருக்கு வழி, பெண்ணுக்கு வழி, சுமை தூக்கி வருபவருக்கு வழி, அதுக்கு அப்புறம்தான் அரசனுக்கு வழி என்று நேராகவே சொல்லிவிடுகிறார். (இவங்க எல்லாருக்கும் முன்னால் அந்தணருக்கு என்றும் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்து ஏற்பாடு. மறைக்கவும் வேண்டாம், தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.) ஜனகர் கோபப்படவில்லை, ஒதுங்கி வழி விட்டார்.

இங்கே பேச்சு தானத்தைப் பற்றியது இல்லை, இரக்கத்தைப் பற்றியதும் இல்லை. பாதை முதலில் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நம்ம பேராக்கில், நம்ம தெருவில் வைத்துப் பார்க்கலாம்.

சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் இருக்கிற தாயை நினைச்சுக்குங்க. மூத்த பிள்ளைக்கு நாலு வயசு. மூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி. கழுத்து சரியா நிக்காது, தானா உட்கார முடியாது. சின்னது பிறந்து ரெண்டு மாசம். செவ்வாய்க்கிழமை காலையில் மூத்தவனை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போகணும். கணவர் ஷிப்ட் வேலை. சக்கர நாற்காலியைத் தள்ள ரெண்டு கை வேணும். குழந்தையைத் தூக்க குறைஞ்சது ஒரு கை. பால் போத்தல், டயப்பர், மருந்துப் பை, ஓ.கே.யு. கார்டு, இதுக்கெல்லாம் இன்னொரு கை. அவளுக்கு இருப்பது ரெண்டே கை. பாத்திக் சாரோங்கில் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கிட்டா ஒரு கை மிச்சமாகும். அப்பவும் குனிந்து மூத்தவனைக் காரிலிருந்து தூக்க முடியாது, நெஞ்சில் இருக்கிற பிள்ளை நசுங்கும். சின்னதைக் காரில் விட்டுட்டு மூத்ததை இறக்குவதா, மூத்ததை வெயிலில் நாற்காலியில் உட்கார வெச்சுட்டு சின்னதை எடுப்பதா? ஒவ்வொரு இடத்திலும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் இதை முடிவு பண்ணியாகணும்.

நம்ம பாட்டிகள் காண்டாக் கம்பில் ரெண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மரத்துக்கு மரம் நடந்தவர்கள். ரெண்டு வாளியும் ஒரே எடைன்னா தோள் தாங்கும். பிள்ளைகள் வாளி இல்லையே.

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை அங்கே விட்டுட்டுப் போவாள். வரிசையாகத் தொட்டில்கள், ஒரு ஆயா. இதை ரொம்ப அழகுபடுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை. துரைக்கு வேண்டியது பால். தாய் மரம் சீவணும், அதனால்தான் ஆயா. நடக்க முடியாத பிள்ளைகள் பலர் லயத்து வீட்டுக்குள்ளேயே, பாயிலேயே வளர்ந்தாங்க. ஆனால் ஒண்ணு உண்மை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அத்தை, இந்தப் பக்கம் ஒரு பெரியம்மா. கூப்பிட்டா கேட்கும். கடையும் கோயிலும் பள்ளியும் நடக்கிற தூரம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். அது தனிக் கதை. காப்பாற்ற முடிந்தது கொஞ்சம்தான். மிச்ச இடமெல்லாம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, குடும்பங்கள் தாமானுக்கும் ஃபிளாட்டுக்கும் போனாங்க. இளையவங்க கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர்னு கிளம்பிட்டாங்க. வீடு பெரிசாச்சு, கை குறைஞ்சு போச்சு. அந்தத் தாய்க்கு இன்னிக்கு இல்லாத மூணாவது கை எங்கே போச்சுன்னு கேட்டா, அது நம்ம கைதான்.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் சட்டம், அதாவது சட்டம் 685. பொது இடங்களையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமை 26-ஆவது பிரிவில், பொதுப் போக்குவரத்து 27-ஆவது பிரிவில். ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 2010-இல் ஐ.நா. ஒப்பந்தத்தையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. அதனால் கடைசியில் இது மனுஷனோட மனசுக்கு வந்து நிக்குது. ஓ.கே.யு. பார்க்கிங்கில் காரை விட்டுட்டு "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே"ன்னு ஓடுறவன் நம்ம பையன்தான். அவன் காரில் முருகன் ஸ்டிக்கர் கூட இருக்கும். அந்த இடம் ஏன் அகலமா இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. கதவை முழுசாத் திறந்து, நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளையைத் தூக்கி மாற்ற அந்த அகலம் வேணும். அது இல்லேன்னா அந்தத் தாய் ரெண்டு பிள்ளையோட திரும்பி வீட்டுக்குப் போகிறாள். சிகிச்சை அடுத்த தேதிக்குத் தள்ளிப் போகும்.

ஈப்போ பழைய டவுன் ஐந்தடி நடைபாதையும் அப்படித்தான். மழையும் வெயிலும் படாமல் எல்லாரும் நடக்கட்டும்னு கடை முன்னால் விட்ட இடம். இன்னிக்கு அதில் மோட்டார் சைக்கிள், சாமான் பெட்டி, கடைக்குக் கடை ஒரு படி. நாற்காலி ரோட்டில்தான் போகணும், லாரியோட.

இப்போ நம்ம ஆட்கள் சொல்ற பெரிய வார்த்தைக்கு வருவோம்: "எல்லாம் கர்மா." அந்தப் பிள்ளையின் தாய் இதை ஆஸ்பத்திரி வரிசையிலும் கேட்டிருப்பாள், கோயில் வரிசையிலும் கேட்டிருப்பாள். நான் கர்மாவை மறுக்கவில்லை. ஆனா இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கு. பிள்ளையின் நிலை அதன் முன்வினை என்றே வைத்துக்கொள்வோம். அது பிள்ளைக்கும் இறைவனுக்கும் உள்ள கணக்கு. அதைப் படிக்கும் கண் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை படிக்கட்டுக்குக் கீழே நிற்கும்போது நான் கை கொடுக்கிறேனா, ஃபோனைப் பார்க்கிறேனா என்பது இந்தப் பிறவியில் இந்த நிமிஷத்தில் என் பேரில் எழுதப்படும் வினை. அடுத்தவன் கணக்கைச் சொல்லி நம்ம கணக்கை மூட முடியாது. அட்டவக்கிரர் கதையையே பாருங்க. கோணல் வந்தது அவர் செய்த பாவத்தால் இல்லை. கருவில் இருந்தபோதே அப்பாவின் பிழையைச் சுட்டினார், அப்பா கோபத்தில் சாபம் விட்டார். கடைசியில் ஆற்றில் குளித்து அவர் உடம்பு நேராகிவிட்டதாகக் கதை முடியும். எனக்கு அந்த முடிவு அவ்வளவாகப் பிடிக்காது. வந்தியை வாதத்தில் தோற்கடித்தது கோணல் உடம்போடு இருந்த பையன்தானே. ஜனகர் வழி விட்டதும் அந்த உடம்புக்குத்தான்.

கோயிலிலும் ஒரு சங்கடம் உண்டு. சக்கரம் தெருவில் உருண்டது, உள்ளே வரக்கூடாது என்பார்கள். ஆசாரத்தை மதிக்கிறவங்க சொல்றாங்க, அலட்சியம் பண்ண வேண்டாம். ஆனா புதுக் கார் வாங்கினா கோயில் வாசலுக்கே கொண்டு வந்து, டயருக்குப் பொட்டு வெச்சு, அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். தேரும் தெருவில்தான் உருளுது. ஈரத் துணியால் சக்கரத்தைத் துடைத்தால் ரெண்டு நிமிஷம். இல்லேன்னா கோயிலே உள்ளுக்குள் ஒரு நாற்காலி வாங்கி வைக்கலாம். திருமலையில் ஒரு வயசுக்குட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோருக்கும், உடல் ஊனமுற்றோருக்கும் தனி தரிசன ஏற்பாடே இருக்கிறது. அவ்வளவு கூட்டத்தில் முடிகிறது என்றால், நம்ம தாமான் கோயிலில் முடியாதா?

நம்ம இளைஞர் இயக்கங்களையும் கொஞ்சம் கேட்கணும். தீபாவளிக்கு ஹேம்பர் கொண்டு போறோம், அரிசி, மைலோ, எண்ணெய். அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சு படத்துக்கு நிக்கணும். நல்ல மனசுதான், குறை சொல்லலை. ஆனா கீதையின் பதினேழாவது அத்தியாயம் தானத்துக்கு இடம், காலம், பாத்திரம் என மூணையும் சொல்லுது. இங்கே காலம் என்பது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. அந்த நேரத்துக்குக் கார் வெச்சிருக்கிற நாலு பேர் முறை போட்டுக்கிட்டா, ஒருத்தருக்கு மாசம் ஒரு தடவைதான் வரும்.

உதவப் போறவங்களுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் கை நீளுவது சின்னக் குழந்தையிடம்தான். கொஞ்சலாம், கன்னத்தைக் கிள்ளலாம். நாற்காலியில் இருக்கிறவன் தலைக்கு மேலேயே பேச்சு நடக்கும். அவனுக்குக் காது கேட்கும், தம்பி வந்ததிலிருந்து யார் யாரைப் பார்க்கிறாங்கன்னும் தெரியும். முதல்ல குனிஞ்சு அவன் பேரைக் கேளுங்க. பதில் வர நேரமாகும், நில்லுங்க. பிறகு தாயிடம், "அக்கா, எந்தப் பிள்ளையை நான் புடிக்கட்டும்?" என்று கேளுங்க. கேட்காம நாற்காலிப் பிடியைத் தொட வேண்டாம்.

தைப்பூசம் வரப்போகுது. புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரைக்கும் காவடி போகும் பாதையில் நம்ம பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தல் போடுவாங்க. வழக்கமா மேசையை நடைபாதைச் சரிவை மறைச்சுத்தான் போடுறோம். இந்தத் தடவை இடம் குறிக்கப் போகும்போது ஒரு அளவுநாடா எடுத்துட்டுப் போங்க. ஒரு மீட்டர் விட்டாலே நாற்காலி போகும்.