லாசரு எதுவும் எழுதவில்லை

செத்துப் பிழைத்த ஒருவர் பரலோகத்தில் கண்டதைச் சொல்லும் புத்தகங்கள் அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்புலகில் ஒரு தனி வகை. 2010-ல் அப்படி இரண்டு வந்தன. தாமஸ் நெல்சன் பதிப்பகத்தின் ‘ஹெவன் இஸ் ஃபார் ரியல்’ ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. டின்டேல் ஹவுஸ் வெளியிட்ட ‘த பாய் ஹூ கேம் பேக் ஃப்ரம் ஹெவன்’ பத்து லட்சத்துக்கு மேல் போனது. 2004-ல் கார் விபத்தில் சிக்கி, கோமாவில் கிடந்து, உடல் செயலிழந்து மீண்ட ஆறு வயதுப் பையனின் கதை அது. எழுதியவர் அப்பா, அட்டையில் பையன் பெயரும் உண்டு.

2015 ஜனவரியில் அந்தப் பையன் ஒரு திறந்த கடிதம் எழுதினான். நான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னேன், நீங்கள் வேதாகமத்தைப் படியுங்கள், அது போதும் என்றான். சில நாட்களில் பதிப்பகம் புத்தகத்தை நிறுத்தியது. அவன் அம்மா அதற்கு முன்பே பொதுவெளியில் மறுத்துக்கொண்டுதான் இருந்தார்.

‘எல்லாம் கார்ப்பரேட் பேராசை’ என்று முடித்துவிடலாம். ஸோண்டர்வான் 1988-லும், தாமஸ் நெல்சன் 2012-லும் ரூபர்ட் மர்டாக்கின் கைக்குப் போனவைதானே. ஆனால் டின்டேல் அப்படியில்லை. கென்னத் டெய்லர் என்பவர் தன் பிள்ளைகளுக்குப் புரியவேண்டுமென்று நிருபங்களை எளிய ஆங்கிலத்தில் எழுதி, அதை வெளியிட 1962-ல் தொடங்கியது. லாபம் ஓர் அறக்கட்டளை வழியாக ஊழியங்களுக்குப் போகிறது. பெயரோ, வேதத்தை ஆங்கிலத்தில் தந்ததற்காக 1536-ல் கொல்லப்பட்ட வில்லியம் டின்டேலுடையது.

எனக்கு உறுத்துவது இதுதான். பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்வது இன்னும் கஷ்டம். மென்பொருள் வேலையிலும் பார்க்கிறேன். பொய் சொல்லு என்று யாரும் சொல்றதில்ல; ரிலீஸ் தேதி மட்டும் நகராது. அந்தத் தேதிக்குள் கேட்கத் தோன்றாத கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடும்.

இங்கே கேட்டிருக்கவேண்டிய கேள்விக்கு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை, வேதாகமம் போதும். யோவான் சுவிசேஷத்தில் லாசரு நாலு நாள் கல்லறையில் கிடந்து எழுந்து வருகிறான். அங்கே என்ன பார்த்தான்? ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவரைப் பற்றி, பெரும்பாலும் தன்னைப் பற்றியே, கொரிந்தியருக்கு எழுதும் பவுல், அங்கே கேட்டதை மனிதர் பேசக்கூடாது என்று நிறுத்திக்கொள்கிறார். லூக்காவில் வரும் ஐசுவரியவான் (அது வேறு லாசரு), செத்தவன் ஒருத்தன் போய்ச் சொன்னால் என் சகோதரர் திருந்துவார்களே என்று கெஞ்சுகிறான். மோசேயும் தீர்க்கதரிசிகளும் இருக்கிறார்கள், போதும் என்று பதில் வருகிறது. பையன் கடிதம் சொன்னதும் கிட்டத்தட்ட அதே. வேதமே போதும் என்ற அடித்தளத்தில் நிற்கும் பதிப்பகத்துக்கு அதை ஒரு சின்னப் பையன் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

‘பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ பேருக்கு ஆறுதல் கிடைச்சுதே, அது பொய்யா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆறுதலை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவன் வேறொருவன். விபத்துக்குப் பின் மயக்கம் தெளிந்த ஒரு குழந்தை சொன்னதைப் பெரியவர்கள் அச்சிட்டார்கள், விற்றார்கள். அவன் சக்கர நாற்காலியிலேயே வளர்ந்தான். 2018-ல் பதிப்பகத்தின்மேல் வழக்குப் போட்டான்.