உறைந்து போகும் அமானிதம்

மரித்த முஃமினின் எலும்பை முறிப்பது, அவர் உயிரோடிருக்கையில் முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. மையித்தைக் குளிப்பாட்டும்போது கைகால்களை மெதுவாகப் பிடிக்கும்படி நம் பெரியவர்கள் சொல்லித் தருவதும் இந்தக் கண்ணியத்தை எண்ணித்தான். அப்படியிருக்க, மவ்த்தானவரின் முழங்காலிலிருந்து குருத்தெலும்பை அடியெலும்போடு வெட்டியெடுத்து இன்னொருவருக்குப் பொருத்தலாமா?

1988ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பெறுபவரின் உயிரோ உடலின் அடிப்படையான இயக்கமோ அதைச் சார்ந்திருந்து, மரித்தவரோ வாரிசுகளோ இசைந்தால் உறுப்பைப் பொருத்துவது கூடும் என்றது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்ற உலமாக்களோ கூடாதென்றனர். மூட்டு வலியால் சஜ்தா செய்ய முடியவில்லையே என்று சிலர் காரணம் காட்டுவர். அது நமக்குப் பலமான காரணமாகப் படவில்லை; இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே! விபத்தில் மூட்டு சிதைந்து நடக்கவியலாத வாலிபனின் நிலை வேறு.

கூடும் என்போரிடம்தான் நமக்கு ஒரு கேள்வி. எடுத்த குருத்தெலும்பை எப்படி வைத்திருக்கிறார்கள்?

குருத்தெலும்பில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். கொலாஜன் என்னும் நார்களின் வலை அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ரத்தக் குழாய் கிடையாது. அங்கங்கே ஒளிந்திருக்கும் மிகச் சில செல்களே அந்த வலையைப் பேணி வருகின்றன. உறைய வைத்தால் தண்ணீர் பனிக்கட்டியாகி ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிகிறது. பனி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகி உள்ளிருக்கும் நீரை உறிஞ்ச, செல் சுருங்கிப் போகிறது. மிக வேகமாகக் குளிரூட்டினாலோ உள்ளேயே பனி முளைத்துச் செல்லைக் கிழித்து விடுகிறது. உருகிய பின் பார்த்தால் நார்வலை பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெண்மையும் வழவழப்பும் கண்ணுக்குக் குறையாது. ஆனால் அதைப் பேணுவதற்கு ஆளில்லை. அத்தகைய குருத்தெலும்பு பொருத்திய இடத்தில் நாளடைவில் தேய்ந்து சிதைகிறது.

கிளிசரால் சேர்த்தால் உயிரணுக்கள் உறைபனியைத் தாங்கும் என்பதை 1949இல் இங்கிலாந்தின் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். தனிச் செல்லுக்கு உதவிய அம்மருந்து, அடர்ந்த குருத்தெலும்பின் ஆழத்துக்குச் சீராக இறங்குவதில்லை. ஆகவே உயிருள்ள குருத்தெலும்பு வேண்டுவோர் அதை உறைய விடாமல் சுமார் 4 டிகிரிக் குளிரில் வைக்கின்றனர். அமெரிக்கத் திசு வங்கிகளில் நோய்ச் சோதனைகள் முடியவே ஏறக்குறைய இரு வாரம் செல்கிறது. ஏறத்தாழ 28 நாட்களுக்குள் பொருத்தியாக வேண்டும். தேதி தவறினால் செல்கள் மடிந்துகொண்டே போகும்.

வாரிசுகள் ஒப்புக்கொண்டது எதை? ஒரு மூட்டில் உயிரோடு வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தானே ஜனாஸாவைச் சற்றுத் தாமதிக்கவும் இசைந்தார்கள்! தசைநாணும் எலும்பும் உறைந்தாலும் பயன்படுகின்றன. அவற்றைப் பற்றி நமக்கு இங்கே பேச்சில்லை. உயிர்ச் செல்லுக்காகக் கேட்டு வாங்கிய குருத்தெலும்பைப் பெறுபவர் இன்னாரென்று தெரியுமுன்பே வெட்டியெடுத்து, பிறகு உறைபெட்டியில் போட்டு வைப்பது, கொடுத்தவர் அறியாமல் அமானிதத்தை மாற்றி விடுவதாகும் என்றே நாம் கருதுகிறோம். “யாருக்கு? எத்தனை நாளுக்குள்? உறைய வைப்பீர்களா?” என்று வாரிசுகள் கேட்கட்டும். இம்மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காமல் கையொப்பமிட மறுத்து, மையித்தைக் கப்ருக்குக் கொண்டு செல்லும் குடும்பத்தைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாரும் பழிக்க வேண்டியதில்லை.