வாரியலை எடுப்பவர் யார்?

கம்பியில்லாத் தரைபெருக்கி ஒன்று வாங்கலாமா என்ற கேள்வி இன்று நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. கடைக்காரர் இதனைக் 'கார்ட்லெஸ் ஸ்வீப்பர்' என்பார். மின்கலத்தால் இயங்கும், சுழலும் தூரிகை தூசியை வாரிச் சிறு பெட்டிக்குள் தள்ளும், பின்னே இழுத்துத் திரிய ஒயர் இல்லை. விலை சில ஆயிரத்தில் தொடங்கி நாற்பதாயிரத்தையும் கடந்து செல்கின்றது. ஈர்க்கில் வாரியலுக்கோ நூறு ரூபாய்த் தாள் ஒன்று போதும். ஒரு குருவானவர் எழுதத்தக்க பொருளா இது என்று வாசகர் புன்னகைக்கக்கூடும். பணம் கொடுத்து ஒரு வேலையை வீட்டிலிருந்து அகற்ற நினைக்கும்போது, அந்த வேலையை இதுநாள்வரை செய்தவரைப் பற்றியும் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொறியைப் பற்றியே பேசிவிடுவோம். தரைபெருக்கி வளர்ந்தது கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீடுகளில். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை நடத்திய மெல்வில் பிஸ்ஸல் என்பவர் தம் தரைபெருக்கிக்கு 1876 இல் காப்புரிமை பெற்றார். தள்ளினால் சக்கரத்தோடு தூரிகையும் சுழலும், அவ்வளவே. மின்சாரமே வேண்டாத அந்தப் பொறிக்கும் ஒயர் இருக்கவில்லை என்பதை இன்றைய விளம்பரங்கள் நினைவூட்டுவதில்லை! இலண்டனில் ஹியூபர்ட் பூத் 1901 இல் அமைத்த உறிஞ்சுபொறியோ குதிரைவண்டியில் ஏற்றி வரவேண்டிய அளவுக்குப் பெரியது. மறு ஆண்டு ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை அதுதான் தூய்மை செய்தது.

நம் நாஞ்சில் நாட்டு வீட்டில் கம்பளம் ஏது? சிமெண்டுத் தரை, மொசைக், அண்மைக் காலமாக டைல்ஸ். இவற்றின்மேல் பொறி நன்றாகவே ஓடும். ஆனால் நம் பெண்கள் தூத்து வாருவது வீட்டுக்குள் மட்டுமா? பலா இலையும் அயினிச் சருகும் உதிர்ந்து கிடக்கும் முற்றம் இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் காலோடு வீட்டுக்குள் ஏறிவரும் ஈரமணல் இருக்கிறது. இரு பருவமழைக்கும் நனையும் திண்ணை இருக்கிறது. அங்கெல்லாம் வாரியல்தான் கைகொடுக்கும். நீண்ட தலைமுடி தூரிகையில் சுற்றிக்கொண்டால், கத்தரிக்கோலுடன் அமர்ந்து வெட்டி எடுக்க வேண்டும். மின்கலமும் சில நூறு முறை ஏற்றியபின் வலுக்குறையும். மாற்று மின்கலம் தனியே கிடைக்குமா என்பதைக் கடையில் கேட்காமல் வாங்குவது பேதைமை. பல லித்தியம் மின்கலங்களில் கோபால்ட் என்னும் உலோகம் சேர்கிறது. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசிலிருந்து வருகின்றது. அங்குக் கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவர்களும் உழைப்பதை 2016 இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு ஆவணப்படுத்தியது. நம் கையிலுள்ள அலைபேசிக்கும் இது பொருந்தும் என்பதால், தரைபெருக்கியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. ஆயினும் ஐந்தாண்டு உழைக்கும் பொருளை இரண்டாண்டில் தூக்கி எறிபவருக்கு இதில் பொறுப்பு இல்லை என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் வாங்க வேண்டாமா? மக்கள் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனித்து வாழும் மூதாட்டியர் நம் பங்குகளில் எத்தனை பேர்! முழங்கால் மடங்காது, முதுகு குனியாது. அன்றாடம் வீட்டைப் பெருக்காமல் செபமாலையைக் கையில் எடுக்கவும் அவர்களுக்கு மனம் வராது. நின்ற நிலையிலேயே தள்ளக்கூடிய ஒரு பொறி அவர்களுக்கு ஆடம்பரம் என்று எவரேனும் சொன்னால், அவர் ஒருநாளும் வாரியலைத் தொட்டதில்லை என்றே கருதுவேன். அத்தகைய தாய்க்கு மகன் அதை வாங்கி அனுப்பட்டும். ஆண்டுக்கொருமுறை வந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது என்பதையும் அவன் அறிந்திருக்கட்டும்.

நலமுள்ளவர் பலர் வாழும் வீட்டில்தான் சிக்கல். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983 இல் வெளியிட்ட நூலொன்றில் வியப்பான ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். இல்லப் பொறிகள் பெருகியும் இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. முன்பு கம்பளத்தைத் தூக்கி வெளியே போட்டு அடிப்பதில் ஆண்களும் பிள்ளைகளும் பங்குகொண்டனர். பொறி வந்தது, அவர்கள் விலகிக்கொண்டனர். வேலை எளிதாயிற்று என்பதனால் அது முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. எப்போதோ செய்தது அடிக்கடி செய்வதாயிற்று. 'அதுதான் மெஷின் வாங்கித் தந்துவிட்டேனே' என்று செய்தித்தாளுக்குள் முகம் புதைக்கும் கணவர் அமெரிக்காவில் மட்டும் இருப்பவர் அல்லர்.

வேறு சில வீடுகளில் பெருக்குபவர் கூலிக்கு வரும் பெண். அங்குப் பொறியின் விலையைக் கணக்கிடும்போது, அவருடைய மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்க்கிறார்கள். பெல்ஜிய நாட்டு அருட்சகோதரி ஜீன் தெவோஸ் 1985 இல் வீட்டுப் பணியாளர்களுக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2007 இல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. அவர்களுக்கு நியாயமான பணிநிலை கோரும் 189 ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 இல் ஏற்றது. இந்தியா அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை. பத்தாண்டு நம் தரையைத் துடைத்தவரை ஒரு பெட்டி பிரிக்கப்பட்ட நாளில் 'இனி வரவேண்டாம்' என்று அனுப்புவதைச் சிக்கனம் என்ற சொல்லால் மூட இயலாது. அதே பொறியை அவர் கையில் கொடுத்து, அதே சம்பளத்தில் அரைமணி முன்னதாக வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். வாங்கியதன் பொருளே மாறிவிடும். உழைப்பு மனிதருக்காக, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 இல் தம் சுற்றுமடலில் கற்பித்தது இத்தகைய இடங்களில்தான் சோதிக்கப்படுகின்றது.

பெருக்கும் வேலை இழிந்தது என்ற எண்ணத்தின் வேர் நம் மண்ணில் ஆழமானது. திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் பலர் கூலியின்றிச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். அதே சொல் கிறிஸ்தவர் வாயில் இறைப்பணிக்கும் வழங்குகின்றது! 1855 இல் அங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. யார் குனிய வேண்டும், யார் நிமிர்ந்திருக்கலாம் என்ற பழைய பாகுபாடு அத்தனை விரைவில் ஒழியவில்லை. கையில் துடைப்பத்துடன் நிற்கும் புனித மார்ட்டின் தெ போரஸின் சுரூபத்தைக் காட்டித் தாழ்ச்சியைப் பற்றிப் போதிக்கிறோம். லீமா நகரில் 1579 இல் பிறந்த அவருடைய தாய் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். கலப்பினத்தவரை முழு உறுப்பினராக ஏற்காத விதி அக்காலத் துறவு இல்லங்களில் இருந்தமையால், அவர் பணியாளராகவே உள்ளே நுழைந்தார். துடைப்பத்தை அவர் அன்போடு ஏந்தினார் என்பது உண்மை. அதை அவர் கையில் கொடுத்தது தாழ்ச்சியன்று, ஒரு விதி என்பதும் உண்மை. முன்னதை மட்டும் போதித்துப் பின்னதை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

லூக்கா நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடவுளுக்கு மூன்று உருவங்களைத் தருகிறார். ஆயரும் ஊதாரி மகனின் தந்தையும் நம் ஆலயச் சுவர்களில் எத்தனையோ இடங்களில் தீட்டப்பட்டிருக்கின்றனர். நடுவே, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடும் பெண்ணைத் தீட்டிய ஓவியரை நான் கண்டதில்லை. (இக்காலப் பொறியாயிருந்தால் காசையும் சேர்த்து விழுங்கியிருக்கும்!)

நம் பங்குகள் பலவற்றில் சனிக்கிழமைதோறும் அன்பியங்கள் முறைவைத்து ஆலயத்தைப் பெருக்குகின்றன. முறை அன்பியத்துக்கு என்றாலும், வருபவர் எல்லாரும் பெண்களே. அண்மையில் எங்கள் பங்குப் பேரவையிலும் தரைபெருக்கி வாங்கும் யோசனை வந்தது. முன்மொழிந்தவர்கள் ஆண்கள், 'பெண்கள் பாவம்' என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். மூன்று மாதங்களுக்கு முறைப்பட்டியலில் ஆண்களின் பெயர்களைத் தனித்தனியே எழுதுவோம், அதன்பின் பெருக்கியவர்கள் அனைவரும் கூடி முடிவு செய்யட்டும் என்றேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ஆலயத்தில் எத்தனை வாரியல்கள் இருக்கின்றன என்று கேட்டார்.