அடுப்பிற்கும் உண்டோ ஓய்வுநாள்?

வாரத்திற்கு ஏழு நாள்கள் என்பது நாம் அனைவரும் அறிந்த கணக்கு. ஆனால் களமருதூரில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயிடம் கேட்டால், அவள் வேறொரு கணக்குச் சொல்லக்கூடும். அவளுக்கு ஆறு வேலைநாள்களும், அவற்றைவிடக் கடினமான ஓர் ஏழாம் நாளும் உண்டு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரில் திங்கட்கிழமை விடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை அவளுடைய உறக்கமே அறிந்து வைத்திருக்கிறது. வாசல் தெளித்து, உலை வைத்து, மகளுக்குச் சடை பின்னி, மகனின் காலுறை ஒன்றைக் கட்டிலடியில் கண்டெடுத்து நிமிர்வதற்குள், வீட்டார் அவளைப் பத்து முறையேனும் அழைத்திருப்பார்கள். செவ்வாயன்று, பள்ளிக்குச் சார்ட் பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்பது புறப்படும் நேரத்தில்தான் மகனுக்கு நினைவுக்கு வரும். புதனன்று மகளிர் குழுக் கூட்டம். வியாழனன்று கடைக்குட்டிக்குக் காய்ச்சல். வெள்ளியன்று கழனியில் களையெடுப்பு. சனியன்று ஒரு வாரத்து அழுக்குத் துணியும், ஊறவைத்த அரிசியும் உளுந்தும் அவளுக்காகக் காத்திருக்கும்.

இத்தனை அமளிக்கு நடுவே சிறுசிறு மகிழ்ச்சிகளும் அவளுக்கு உண்டு. மழை கொட்டுவதற்குச் சற்று முன் கொடியிலிருந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு திண்ணையேறிவிட்ட வெற்றி. இரவு முழுதும் அனலாய்க் கொதித்த குழந்தை, விடியலில் கண் திறந்து, 'அம்மா, பசிக்குது' என்று சொல்லும் நொடி. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கிடைத்த நாள். எல்லாரும் உண்டு உறங்கிய பின், தனக்கென்று ஆற்றிக் குடிக்கும் அரைக் குவளைத் தேநீர்.

இம்மகிழ்ச்சிகள் உண்மையானவை, அவற்றை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அவற்றை நாம் எதற்குப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதே கேள்வி. 'அவள் மகிழ்ச்சியோடுதானே செய்கிறாள்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி நாம் கைகளைக் கழுவிவிடுகிறோம். முகம் சுளிக்காமல் ஒருவர் சுமக்கிறார் என்பதால் சுமை இலேசாகிவிடுவதில்லை. அவளது புன்னகை அவளுடைய பெருந்தன்மைக்குச் சான்று. நம்முடைய நேர்மைக்குச் சான்றன்று.

காலம் அவளுக்குச் சில உதவிகளைக் கொண்டுவந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. 2011 ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பல வீடுகளில் மூலைக்கு அனுப்பியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1989 இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், 1990களின் தொடக்கத்தில் நம் பகுதி அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கும் வந்தன. பெண்ணின் கையில் சேமிப்பும் சொல்லில் துணிவும் சேர்ந்தன. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். கிரைண்டர் மாவை அரைக்கும்; மாவு தீர்ந்துவிட்டதை நினைவில் வைத்திருக்காது. கூலியும் குழுவும் அவள் வாரத்தில் புதிதாகச் சேர்ந்தன. பழைய வேலைகளில் ஒன்றும் பிறர் கைக்கு மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில்தான் இது வெளிச்சமாகிறது. அன்று அனைவரும் வீட்டிலிருக்கிறோம். திருப்பலிக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுத்தி அனுப்புபவள் அவள். கடைசியாக ஓடிவந்து பின்வரிசையில் அமர்பவளும் அவளே. வீடு திரும்பியதும் நாம் செய்தித்தாளை விரிக்கிறோம்; அவள் மசாலா அரைக்கிறாள். உறவினர் வந்தால் நமக்கு உரையாடல், அவளுக்கு இன்னும் ஓர் உலை. வயிறார உண்டு, 'ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான்' என்று நாம் கண்ணயரும்போது, கொல்லைப்புறத்தில் பாத்திரங்களின் ஓசை கேட்கிறது.

ஓய்வுநாள் கட்டளையை நாம் மனப்பாடமாக அறிவோம். விடுதலைப் பயண நூலின் 20 ஆம் அதிகாரம் அன்று யார் யார் வேலை செய்யலாகாது என்று வரிசைப்படுத்துகிறது: நீ, உன் மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், கால்நடை, உன்னிடத்தில் தங்கியுள்ள அந்நியர். அவ்வரிசையில் மாடும் உண்டு. மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடங்குகிறாள் என்று கொள்வதே முறை. ஆனால் நடைமுறையில் அந்த 'நீ' நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்பவரோடு நின்றுவிடுகிறது. இணைச் சட்ட நூலின் 5 ஆம் அதிகாரமோ இக்கட்டளைக்குக் காரணமும் கூறுகிறது: உன்னைப் போலவே உன் பணியாளரும் இளைப்பாற வேண்டும், எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்பதை மறவாதே. பிறர் உழைப்பின்மீது நாம் சாய்ந்துகொள்வது ஓய்வாகாது என்பதே இதன் உட்பொருள்.

இந்த நாட்டில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை. நாராயண் மேகாஜி லோகாண்டே முதலியோரின் நெடும் போராட்டத்திற்குப் பின்னரே, 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் அதற்கு இசைந்தனர். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியது. அடுப்பங்கரைக்கு அத்தகைய வரம்பை எவரும் கட்டவில்லை. 2024 ஆம் ஆண்டு மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். பெண்ணுக்கு அது வாரத்திற்கு ஏறத்தாழ 34 மணி நேரம். களையெடுப்பும் கூலி வேலையும் இதற்குப் புறம்பு.

'அன்பிற்குக் கணக்குப் பார்க்கலாமா?' என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. நிமிடத்தை எண்ணிக்கொண்டு பாலூட்டும் தாய் எவளும் இல்லை. ஆனால் கொடுப்பவர் கணக்குப் பார்க்காதிருப்பது அன்பு; பெறுபவர் கணக்குப் பார்க்காதிருப்பது அலட்சியம். 'தியாகச் சுடர்' என்று அன்னையர் நாளில் அவளுக்கு நாம் சூட்டும் பட்டம், மறுநாள் காலை ஒரு பாத்திரத்தையும் கழுவித் தருவதில்லை.

பெத்தானியாவின் மார்த்தா நினைவுக்கு வருகிறாள். தனியே வேலை செய்கிறேனே என்று அவள் முறையிட்டதையும், பல காரியங்களால் கலங்குகிறாய் என்று ஆண்டவர் அவளுக்குச் சொன்னதையும் பன்முறை கேட்டிருக்கிறோம். அதைக் கொண்டே நம் வீட்டு மார்த்தாக்களுக்கு அறிவுரையும் கூறுகிறோம். ஆனால் அவள் அமர வேண்டுமாயின், உலையை யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவரையும் ஒருசேர ஜூலை 29 அன்று நினைவுகூரத் திருஅவை 2021 ஆம் ஆண்டு முடிவு செய்தது. ஒரே இல்லத்தின் மூவர் ஒரே நாளில் நினைக்கப்படுவது, இல்லத்தின் சுமை ஒருவருடையதன்று என்றும் நம்மை எண்ண வைக்கட்டும்.

எனவே 'அம்மாவுக்கு உதவி செய்' என்று பிள்ளைகளிடம் சொல்வதை நாம் நிறுத்துவோம். உதவி என்ற சொல்லிலேயே வேலை அவளுடையது என்னும் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்பதும் போதாது; நினைத்து வைக்கும் வேலையை அது மீண்டும் அவளிடமே தருகிறது. மாவு தீர்ந்ததை நாமே காண்போம். காலுறையை நாமே தேடுவோம். வரும் ஞாயிறன்று தந்தையும் மகனும் மகளுமாக அடுப்பங்கரைக்குள் நுழைவோம். குழம்பில் உப்புக் கூடினாலும் பொறுத்து உண்போம்.

அந்த ஒரு பிற்பகலில் அவள் உறங்கலாம். திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். அந்நேரத்தை அவள் எதற்குச் செலவிட்டாள் என்று நாம் கேளாதிருப்போம். அது அவளுக்கு நாம் அளித்த பரிசன்று. நாம் இதுகாறும் திருப்பித் தராத அவளுடைய உடைமை.