பில் கவுண்டரில் ஒரு பொய் எண்

பல்பொடி வாங்கினாலும் பனியன் வாங்கினாலும், பில் போடுமுன் வந்து விழுகிற கேள்வி ஒன்றுதான்: "மொபைல் நம்பர் சொல்லுங்க." இதில் சலித்துப்போன பலர் ஒரு சின்னக் கலகம் செய்கிறார்கள். வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். இது தவறா?

கேட்பவர் பக்கம் நியாயம் குறைவு. ரொக்கம் கொடுத்து சோப்பு வாங்குபவரின் எண் அந்த விற்பனைக்குத் தேவையே இல்லை. எண் தராவிட்டால் பில் இல்லை என்று கடைகள் அடம்பிடிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொன்னது. வணிக அமைப்புகளுக்கு அறிவுரையும் அனுப்பியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே ஒருமித்துத் தீர்ப்பளித்திருந்தார்கள். கேள்வி இன்னும் நிற்கவில்லை. கேட்க உரிமை இல்லாதவரிடம் உண்மை சொல்லும் கடமையும் இல்லை என்பது கலகக்காரரின் வாதம்.

பாதிவரை இது சரி. கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797-ல் எழுதிய தத்துவ அறிஞர் காண்ட் இதை ஏற்கமாட்டார். வள்ளுவர் அவ்வளவு இறுக்கமானவர் அல்லர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையோடு சேர்க்க இசைகிறார். ஆனால் அவர் வைத்த அந்த நிபந்தனையில்தான் பொய் எண் இடறி விழுகிறது.

இந்தியாவில் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்குகின்றன. அப்படி அமையக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. உபயோகத்தில் உள்ள இணைப்புகளோ 100 கோடிக்கும் மேல். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அது யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்க ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பெரும்பாலோர் அப்படிச் சொல்வதும் இல்லை. தம் எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுகிறார்கள். எண்கள் வரிசையாக வழங்கப்படுவதால் அங்கே ஆள் இருக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். தள்ளுபடிச் செய்திகளும் அழைப்புகளும் இனி அந்த ஆளுக்குப் போகும். மருந்துக்கடையில் சொன்ன எண்ணாக இருந்தால், யாரோ வாங்கிய மாத்திரை இன்னொருவர் பெயரில் பதிவாகிறது. தொல்லையிலிருந்து தப்பியவர் அதை முகம் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் இறக்கிவைத்திருக்கிறார்.

இதைவிடவும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பொய் எண் மறுப்பாக எங்கேயும் பதிவாவதில்லை; சம்மதமாகப் பதிவாகிறது. தலைமை அலுவலகத்தில் எண்களைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு, வாடிக்கையாளர்கள் எல்லோரும் மனமுவந்து கொடுத்ததாகவே தெரியும். கலகம் செய்தவர் திருப்தியோடு வீடு திரும்புகிறார். ஏற்பாடோ இன்னும் வலுப்பெறுகிறது.

அப்படியானால் "தர விருப்பமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் நேர்மையான கலகம். அதற்கும் ஒரு விலை உண்டு. வரிசை காத்திருக்கிறது, பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுகிறார், கவுண்டரில் இருக்கும் பெண் தடுமாறுகிறார். அந்த விதியை எழுதியவர் அவர் அல்லர். எண் வாங்காததற்கு மேலாளரிடம் அவர் பதில் சொல்ல நேரலாம். ஆகவே அவரிடம் குரல் உயர்த்துவது வீரம் ஆகாது. அமைதியாக மறுத்து, பில் தர முடியாது என்றால் மேலாளரை அழைக்கச் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடச் சங்கடத்தைச் சிலராவது தாங்கினால்தான் மறுப்பு எண்ணிக்கையில் ஏறும்.

எல்லோரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. அந்நிய ஆண்கள் நெருங்கி நிற்கும் வரிசையில் தன் எண்ணை உரக்கச் சொல்லும்படி கேட்கப்படும் இளம்பெண்ணுக்கு இது தொல்லை மட்டுமல்ல, அபாயமும்கூட. வாதாடி எல்லோர் பார்வையையும் தன் பக்கம் திருப்பவும் அவர் தயங்கலாம். அவர் சொல்லும் பொய்யைக் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. வழிப்போக்கர் ஒருவர் மாட்டிக்கொள்ளாதபடி, கடைப் பலகையில் எழுதியிருக்கும் அதே கடையின் எண்ணை அவர் சொல்லிவிட்டு வரலாம்.